தோள் இல்லாமல் நின்ற சிலுவை

நம்புகிறவர்களுக்குக் கதை சொல்வதில் எனக்குச் சுவாரசியம் கிடையாது; நம்புகிறவன் பாதியிலேயே தூங்கிப்போவான், நம்பாதவன்தான் எந்த இடத்தில் கிழவன் பொய்யை நுழைக்கிறான் பார்ப்போம் என்று கடைசிவரை கண்கொட்டாமல் உட்கார்ந்திருப்பான். ஆகவே நம்பாமலே கேளுங்கள். டெக்சாஸின் தெற்குக் கோடியில் புவெர்த்தோ செக்கோ என்று ஓர் ஊர், காய்ந்த துறைமுகம் என்று அர்த்தம், கடலுக்குக் காரில் அரைநாள் போகவேண்டும்; பக்கத்தில் ஒரு நதி இருந்ததாம், தன்னை இரண்டு நாட்டுக்கு நடுவே கோடாக்கிவிட்டார்கள் என்ற மனக்குறையில் வற்றிப்போனதாம். அந்த ஊரில் மெஸ்கீத்தே தெருவில் காசு போட்டால் துணி துவைக்கும் இயந்திரங்களை வரிசையாக வைத்து ஒரு சலவைக் கடை நடத்திக்கொண்டிருந்தேன். வெள்ளைச்சாமி என்ற என் முழுப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் தோன் சாமி ஆனேன். தோன் என்றால் மரியாதை, பெண்ணுக்குத் தோன்யா. வயசாகிவிட்டது, இனி திட்டமுடியாது என்று பொருள்.

நம்மூர்க் கிறிஸ்தவர்கள் பாஸ்கு என்று ஆடுவார்களே, இயேசுவின் பாடுகள் நாடகம், அது மெஸ்கீத்தே தெருவில் ஒவ்வொரு பெரிய வெள்ளியன்றும் நடக்கும். மேடை கிடையாது, தெருவே மேடை. நடத்துவது தோன்யா எதெல்வீனா, பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், இன்னும் கழுத்தில் விசில் தொங்கும், தீர்ப்புச் சொல்கிற பிலாத்துவையே விசில் ஊதி உட்காரவைப்பாள். வேதத்தின் வரிசை அவளுக்குக் கட்டாயமில்லை. எங்கே நிழல் விழுகிறதோ அங்கே காட்சி. பேதுரு தன் குருவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலிப்பது எங்கேயோ முற்றத்தில், முதல்நாள் ராத்திரி நடந்தது என்று பாதிரியார் வருஷா வருஷம் மன்றாடுவார், அவளோ, "முற்றத்தில வச்சா யாருக்குத் தெரியும் ஃபாதர்? சிலுவை பக்கத்துல வச்சாத்தான் ஜனம் அழும்" என்று டயர்க்கடை வேப்பமரத்தடியில் அதை வைத்துவிட்டாள். வேப்பமரம் என்று நான்தான் சொல்கிறேன், அவர்கள் வேறு பேர் சொல்வார்கள். எனக்கும் ஒரு வேஷம் உண்டு. வழியில் போகிற வெளியூர்க்காரன் ஒருவனைப் பிடித்துச் சிலுவையைக் கொஞ்சதூரம் சுமக்கவைப்பார்கள் அல்லவா, அந்தச் சீரேன் ஊர் சீமோன். ஊரிலேயே கறுப்பான வெளியூர்க்காரன் நான்தான் என்பதால் தேர்வு செய்ய எதெல்வீனாவுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இயேசு வேஷம் அனக்லேத்தோவுக்கு. டயர்க்கடையில் பஞ்சர் ஒட்டுகிறவன், ஹோண்டுராஸ் நாட்டிலிருந்து நடந்தே வந்தவன், அந்தத் தெருவிலேயே இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவன், குடியேற்றத் தாள் மட்டும் கிடையாது. முதலில் அவனைத் தேர்ந்தெடுத்தபோது மெக்சிகோ வழிக்காரர்கள் முகம் சுளித்தார்கள், ஹோண்டுராஸ்காரன் கிறிஸ்துவா, அவன் பேச்சே வேறமாதிரி இருக்குமே என்று. "நாசரேத்காரன் பேச்சு மட்டும் உங்க பேச்சு மாதிரி இருந்துச்சா?" என்று எதெல்வீனா விசிலை ஊதினாள். முடிந்தது. அனக்லேத்தோவுக்கு முதுகு சரியில்லை, லாரி டயர்களைத் தூக்கித் தூக்கி எலும்பு விலகியிருந்தது. ஆகவே சிலுவையைத் தெர்மாகோலில் செய்து மரக்கலர் அடித்திருந்தார்கள், ஒரு தலையணை கனம்கூட இருக்காது. அதைத் தூக்கிக்கொண்டு அவன் தள்ளாடுவதைப் பார்த்தால் பாறையையே சுமக்கிறான் என்று தோன்றும். தூக்குவதைவிடக் கனம் இருப்பதாகக் காட்டுவதுதான் முதுகை அதிகமாக வலிக்கவைக்கிறது என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பான்.

பேதுரு வேஷம் ரிகோவுக்கு. ரிகோபெர்த்தோ என்பது ஞானஸ்நானப் பெயர், டிஜே ரிகோ என்பது தொழில் பெயர். அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பதினைந்து வயசு நிறைந்தால் பெரிய விழா எடுப்பார்கள், நம்மூர்ச் சடங்குவீடு மாதிரிதான், மைக்செட் உட்பட; அந்த மைக்செட்தான் ரிகோ. கும்பியா போடுவான், ரெகேத்தோன் போடுவான், கிழவிகளுக்குப் பழைய அழுமூஞ்சிப் பாட்டும் போடுவான். இந்த நாட்டிலேயே பிறந்தவன். ஸ்பானிய மொழி அவன் வாயில் நொண்டி அடிக்கும். ஆணைப் பெண்ணாக்கி, நேற்றை நாளையாக்கி, முடியாத இடத்தில் இங்கிலீஷை ஒட்டுப்போடுவான். வெள்ளைக்காரன் அவனிடம் நீ எந்த நாடு என்பான், சொந்த அத்தைமார்கள் நீ எங்கள் ஆள்தானா என்பார்கள், இரண்டுக்கும் நடுவில் அவன் பாட்டை உரக்க வைத்துவிடுவான். அவனுடைய மகளுக்கு ஞானத்தகப்பன் அனக்லேத்தோ. அப்படி ஒரு குழந்தையை ஞானஸ்நானத்துக்குக் கையிலேந்தியவனும் பெற்றவனும் அந்த நாளிலிருந்து ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே, மனைவிமார் கொமாத்ரே. பெயர் சொல்லிக் கூப்பிடுவது நின்றுபோகும். ரத்த உறவு முறிந்தாலும் முறியலாம், இது முறியாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

அந்த வருஷம் எதெல்வீனா ஒரு புதுமை செய்தாள். தொலைக்காட்சியைத் திறந்தால் முகமூடி போட்டுக்கொண்டு வேனில் வந்து தாள் இல்லாத ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகிற செய்திதான். ஊரில் அவர்களுக்கு மீக்ரா என்று பெயர், எந்த அலுவலகம், எந்த உத்தரவு என்று கேட்டால் பதில் வராது. எதெல்வீனா என்னிடம் ரகசியமாகச் சொன்னாள், அதாவது தெருவில் எல்லோரிடமும் தனித்தனியாக ரகசியமாகச் சொன்னாள்: "இந்த வருஷம் ரோமச் சிப்பாய்க்குத் தகர உடுப்பு இல்ல தோன் சாமி. பள்ளிக்கூடப் பசங்க கறுப்பு உடுப்பு, முகமூடி, எல்லாம் போட்டு வேன்ல வந்து இறங்குவாங்க. பேதுருகிட்ட இவனைத் தெரியுமான்னு கேப்பாங்க. ஜனம் கொண்டு போ, கொண்டு போன்னு கத்தணும். இந்தக் காலத்துக்குத் தக்க மாதிரி இருக்கும்." அருமையான யோசனை என்றுதான் நானும் சொன்னேன். அருமையான யோசனைகள்தான் மனுஷனைக் கொல்கின்றன.

ரிகோ அந்த ஒற்றை வசனத்தை ஒரு மாதமாக மனப்பாடம் செய்தான். "இந்த மனிதரை எனக்குத் தெரியாது." துணி உலர்த்துகிற இயந்திரத்தின் முன்னால் நின்று சொல்வான், காரை ஓட்டிக்கொண்டு சொல்வான். அனக்லேத்தோவே பொறுமையாக அவன் உச்சரிப்பைத் திருத்தினான். "அந்த ர்ரைக் கொஞ்சம் உருட்டு கொம்பாத்ரே. மறுதலிக்கிறவன் தெளிவா மறுதலிக்கணும்."

பெரிய வெள்ளி வந்தது. வெயில் என்றால் சிவகாசி வெயில். ரிகோ என் கடையில் உடை மாற்றிக்கொண்டு, பேண்ட்டையும் அதிலிருந்த பர்ஸையும் ஆணியில் மாட்டிவிட்டு, பேதுருவின் நீண்ட அங்கியோடு இறங்கிப் போனான். அந்த அங்கிகளை எல்லாம் தைத்தது அனக்லேத்தோவின் மனைவி ஒதீலியா. என் கடை மூலையில் தையல் மெஷின் போட்டு ஊருக்கெல்லாம் கிழிசல் தைக்கிறவள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ஆடைக்குப் பை எதற்கு என்று பை வைக்காமல் தைத்திருந்தாள். ஜனக்கூட்டம், கோன் ஐஸ் விற்கிறவன், அவரவர் கையில் போன். பேதுரு மறுதலித்ததும் கூவவேண்டிய சேவலை மாமரம்போல் ஒரு ஆள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்; அந்தச் சேவல் எந்த ஒத்திகையிலும் கூவியதில்லை, ஆகவே போனில் பதிந்த கூவலும் தயார். டயர்க்கடை முன் அனக்லேத்தோ சிலுவையோடு தள்ளாடிக்கொண்டிருந்தபோது கறுப்பு வேன் வந்து நின்றது.

நாங்கள் கைதட்டினோம். வேன் நின்ற விதமும், கதவு திறந்த வேகமும், இறங்கியவர்கள் நடந்த நடையும், அப்பப்பா, பள்ளிக்கூடப் பையன்கள் இவ்வளவு நன்றாகவா நடிப்பார்கள் என்று நாங்கள் கைதட்டினோம். அனக்லேத்தோவின் கையைப் பின்னால் மடக்கி அவர்கள் சிலுவைக்கு அடியிலிருந்து இழுத்தபோது, கொண்டு போ, கொண்டு போ என்று சொல்லிக்கொடுத்தபடி ஒரே குரலில் கத்தினோம், நானும்தான். அழுகிற பெண்களில் ஒருத்தியாக நின்ற ஒதீலியா முக்காட்டைப் பிய்த்தெறிந்துவிட்டு, தொண்டை கிழிய ஒரு கத்து கத்திக்கொண்டு ஓடினாள், என் பக்கத்தில் நின்ற ரொட்டிக்கடைக்காரி, "பாருங்க, எவ்வளவு தத்ரூபமா நடிக்கிறா!" என்று மூக்கைச் சிந்தினாள்.

முகமூடிகளில் ஒருவன் ரிகோவின் பக்கம் திரும்பி, எங்கள் ஊர் வாடை வீசுகிற ஸ்பானிய மொழியில் கேட்டான். "இந்த ஆளைத் தெரியுமா உனக்கு?"

ரிகோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "இந்த மனிதரை எனக்குத் தெரியாது." ஓர் எழுத்து பிசகவில்லை. ர் உருண்டது. அவனுடைய அத்தைமார்கள் எழுந்து நின்று தட்டினார்கள்.

அப்போது அனக்லேத்தோ சொன்னான்: "அவரைக் கேளுங்க சார். என் கொம்பாத்ரே. அவருக்கு என்னைத் தெரியும்."

வேதத்தில் அந்த வசனம் இல்லை. எதெல்வீனாவின் நாடகத்திலும் இல்லை. நான் ரிகோவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வெயிலில் ஐஸ் உருகுவதைப்போல அதிலிருந்த நடிப்பு வழிந்து கீழே விழுந்தது. முகமூடிக்காரன் மறுபடி, "தெரியுமா?" என்றான். ரிகோ அவனுடைய காலணியைப் பார்த்தான், இடுப்பிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தான், "தெரியாது" என்று பாதிக் குரலில் சொன்னான். "அப்ப நீ யாரு? உன் தாள் எங்க? காட்டு." ரிகோவின் கை தானாக அங்கியின் இடுப்பைத் தடவியது, அங்கே பை இல்லை. தடவிய கை தடவிக்கொண்டே இருந்தது. "கடைசியாக் கேக்கிறேன். இந்த ஆளைத் தெரியுமா, தெரியாதா?"

ரிகோ ஒதீலியாவைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான். "இந்த மனிதரை எனக்குத் தெரியாது."

கைதட்டல் வானத்தைப் பிளந்தது. வேன் போயிற்று. சேவல் கூவவில்லை, போன் வைத்திருந்தவனும் ரசிப்பில் அமுக்க மறந்துவிட்டான். நாங்கள் தட்டிக்கொண்டே இருந்தபோது தெருமுனையில் இன்னொரு வேன் திரும்பி வந்து நின்றது. கறுப்பு உடுப்பும் பிளாஸ்டிக் துப்பாக்கியுமாக, வாயோரம் சர்க்கரைத் தூளோடு பள்ளிக்கூடப் பையன்கள் இறங்கி, "மன்னிச்சிருங்க டீச்சர், வழியில டோனட் வாங்க நின்னுட்டோம்" என்றார்கள். ஒவ்வொருவராகக் கை தட்டுவதை நிறுத்தினோம். கடைசியாக நிறுத்தியவர் யார் என்று யாரும் இன்றுவரை சொல்லவில்லை.

அப்புறம்தான் சிலுவையைப் பார்த்தோம். அது விழவில்லை. அனக்லேத்தோவின் தோள் இருந்த உயரத்தில், அவன் சுமந்த அதே சாய்வில், கீழே யாரும் இல்லாமல் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தது. வால்முனைக்கும் தாருக்கும் நடுவே ஒரு பூனைக்குட்டி புகுந்து போகலாம், போயிற்று. சிலுவையைச் சுமக்கவேண்டிய சீமோன் நான்தானே என்று போய்த் தூக்கிப் பார்த்தேன், தலையணை கனம் இல்லாத அந்தத் தெர்மாகோல் இம்மி அசையவில்லை. பத்துப் பேர் சேர்ந்து இழுத்தார்கள். அப்புறம் வீட்டுக்குப் போய் அடுப்பை அணைக்கவேண்டும், அது இது என்று ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள்.

முனிசிபாலிட்டி கிரேன் அனுப்பியது. சங்கிலிதான் அறுந்தது. பொறியாளர் ஒருவர் சுற்றிச் சுற்றி அளந்து, அனுமதியில்லாத கட்டுமானம் என்று ஒரு நோட்டீசை ஒட்டினார்; தெர்மாகோலில் கோந்து பிடிக்காமல் அது விழுந்தது. சரி போ என்று சுற்றிலும் மஞ்சள் கோடு போட்டு, ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து, பஸ்ஸை அடுத்த தெருவுக்கு மாற்றினார்கள். பழக்கம் என்பது பெரிய பூதம், எதையும் விழுங்கிவிடும். பழவண்டிக்காரன் அதன் நிழலில் வண்டியை நிறுத்தினான். ரொட்டிக்கடைக்காரி சாய்ந்த சிலுவை வடிவில் இனிப்பு ரொட்டி சுட்டாள், இலவங்கப்பட்டை போட்டது நன்றாகவே இருந்தது. மயாமியிலிருந்து ஒரு ரெகேத்தோன் பாடகன் வந்து அதன் அடியில் இடுப்பை ஆட்டி வீடியோ எடுத்தான், கோடிப் பேர் பார்த்தார்களாம். தொலைக்காட்சியில் ஸ்பானிய மொழி வம்சத்தில் வந்த, கோட்டு போட்ட ஒரு லத்தீனோ, சட்டம் சட்டம்தான், என் தாத்தா வரிசையில் நின்று வந்தார் என்றார். தாடி வைத்த இன்னொரு லத்தீனோ, உங்கள் தாத்தா நின்ற வரிசையில் இப்போது கதவே இல்லை என்றார். கல்லூரிப் பிள்ளைகள் சிலுவையடியில் வட்டமாக உட்கார்ந்து, தங்களை ஹிஸ்பானிக் என்பதா, லத்தீனோ என்பதா, இரண்டும் இல்லாத வேறொன்றா என்று பொழுதுசாயும்வரை வாதாடினார்கள். பழவண்டிக்காரன் மாங்காயை வெட்டிக்கொண்டே, "முகமூடிக்காரன் மட்டும் குழப்பமே இல்லாம நம்ம எல்லாரையும் ஒரே பேர்ல கூப்பிடுறான்" என்றான்.

எல்லாவற்றுக்கும் பழகினோம், ஒன்றைத் தவிர. மெஸ்கீத்தே தெருவில் கைதட்டல் போய்விட்டது. பதினைந்து வயசுப் பெண் தகப்பனோடு முதல் நடனம் ஆடி முடித்து மூச்சிரைக்க நிற்பாள், கூடம் முழுக்க ஜனம், ஒரு கை இன்னொரு கையைத் தொடாது. யாராவது மெதுவாகக் காலைத் தரையில் தட்டுவார்கள். பிறந்தநாள் மெழுகுவர்த்தியை ஊதும் குழந்தை அம்மாவை நிமிர்ந்து பார்க்கும். கோல் விழுந்தால் ஆண்கள் கைகளைப் பாக்கெட்டுக்குள் ஆழமாகச் சொருகிக்கொண்டு கத்தினார்கள். எதெல்வீனா விசிலைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டாள். கழுத்தில் அது தொங்கிய இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

ரிகோ மைக்கைத் தொடுவதில்லை. விழாக்களுக்கு மச்சினனை அனுப்பினான். தெருவுக்கு வருவதென்றால் சிலுவை இருக்கிற இடத்தை விட்டுவிட்டுச் சுற்றி வந்தான், வந்தாலும் காதில் பெரிய ஹெட்போன், அதில் பாட்டு ஒன்றும் ஓடவில்லை என்று எனக்குத் தெரியும், ஒயர் சட்டைப்பையில் சும்மா தொங்கியது.

அனக்லேத்தோவை ஊருக்கு வெளியே இருந்த ஒரு தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். வக்கீல் ஒதீலியாவிடம் சொன்னதை அவள் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "தெருவில விசாரிச்சதுல இவரை யாருக்கும் தெரியாதுன்னு அந்த ஆளுங்க சொல்லியிருக்காங்களாம் தோன் சாமி. குடியுரிமை இருக்கிற ஒருத்தர் கோர்ட்ல வந்து, எனக்கு இவரை நல்லாத் தெரியும்னு சொன்னா, வழக்கு முடியறவரைக்கும் வீட்டுக்கு விடலாமாம். இல்லேன்னா விமானத்துல ஏத்திருவாங்க."

கடை கடையாகப் போனாள். தாள் இல்லாதவர்கள் கதவுக்குப் பின்னாலிருந்தே அழுதார்கள். அவர்களை யார் குறைசொல்ல முடியும்? தாள் இருந்தவர்களுக்குத்தான் எப்போதும் இல்லாத வேலைகள் வந்தன. ரொட்டிக்கடைக்காரிக்கு அடுப்பு ரிப்பேர், ஒருவருக்குக் கண் ஆபரேஷன். நான் வருகிறேன் என்றேன். என் பச்சை அட்டை செல்லாது, குடிமகன்தான் வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அது உண்மையோ பொய்யோ, அப்படிச் சொன்னதும் என் நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அந்த நிம்மதிக்கு இன்றுவரை எந்த இயந்திரத்திலும் வெளுப்பு கிடைக்கவில்லை.

ரிகோவிடம் மட்டும் ஒதீலியா கேட்கவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் மதியம் ரிகோ பின்கதவு வழியாகக் கடைக்கு வந்தான். பெரிய வெள்ளியன்று ஆணியில் மாட்டிய பேண்ட்டை எடுக்க அதுவரை வரவேயில்லை. ஒதீலியா வெளியே போயிருப்பாள் என்று நினைத்திருப்பான். அவள் மூலையில்தான் இருந்தாள். பேதுருவின் அங்கியை மடித்து எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள்.

"கீழ்மடிப்பு பிரிஞ்சிருந்துச்சு கொம்பாத்ரே. தைச்சுட்டேன்."

அவன் வாங்கிக்கொண்டு நின்றான்.

"பையும் வச்சிருக்கேன். இந்தப் பக்கம், கை போற இடத்துல. அடுத்த தடவை பர்ஸ் வச்சுக்கலாம்."

ரிகோவின் கை அந்தப் பையைத் தடவியது. உள்ளே போன விரல்கள் வெளியே வரவில்லை. "கொமாத்ரே," என்றான், "மொதல் தடவை நான் நாடகம்னுதான்..."

"தெரியும்."

"ரெண்டாவது தடவை..."

"எனக்குத் தெரியும் கொம்பாத்ரே. மூணாவது தடவை என்னைப் பார்த்துட்டுத்தானே சொன்னீங்க." அவள் குரலில் கோபத்தை நான் தேடினேன், இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேருக்குமே ஆறுதலாக இருந்திருக்கும். "எவ்வளவு சுத்தமாச் சொன்னீங்க. அவர் வேன்ல ஏறும்போதுகூட அதைத்தான் சொன்னாராம், உள்ளே முன்னாடியே பிடிச்சு வச்சிருந்த ஒரு ஆள் சொன்னான். ஒரு தப்பு இல்லாமச் சொல்லிட்டான் பாருன்னு."

ரிகோ அங்கியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஒதீலியா தையல் மெஷினுக்குத் திரும்பிப் போனாள். "என்கிட்ட அழாதீங்க. நான் என்ன கோர்ட்டா?"

மறுநாள் காலை, பழவண்டிக்காரன் குடையை விரித்துக்கொண்டிருந்தபோது, ரிகோ பேதுருவின் அங்கியைப் போட்டுக்கொண்டு தெருநடுவே நடந்து வந்தான். ஹெட்போன் இல்லை. கூம்புகளை நகர்த்திவிட்டுச் சிலுவைக்கு அடியில் போய், அனக்லேத்தோவின் தோள் இருந்த இடத்துக்குக் கீழே குனிந்து நின்றுகொண்டு பேச ஆரம்பித்தான். யாரும் எழுதிக் கொடுக்காத ஸ்பானிய மொழி, அய்யோ, கேட்கச் சகிக்காது, அவன் பேசியதைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "நான் அவன் தெரியும். என் மகள் அவன் தூக்கினாள் தண்ணியில. மழையில என் டயர் போகுது, அவன் வந்தான், பணம் வாங்க மாட்டாள். எனக்கு ர் சொல்லிக் குடுத்தது அவன். எனக்குத் தெரியும். மூணாவது தடவை எனக்குத் தெரியும், எனக்குப் பயம், என்கிட்ட பை இல்லை."

ஜன்னல்கள் திறந்தன. அத்தைமார்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. சிலுவை ஒருமுறை நடுங்கியது, தூங்கி எழுந்த மாடு தோலைச் சிலிர்ப்பதுபோல. பிறகு மெல்ல இறங்கி அவன் தோளில் உட்கார்ந்தது.

ரிகோ தள்ளாடினான். அதில் கனமே இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். "எப்படி இருக்கு?" என்று பழவண்டிக்காரன் கேட்டான். "ஒண்ணுமே இல்ல," என்றான் ரிகோ, கண்ணிலிருந்து நீர் கொட்டியது, "கனமே இல்ல. இவ்வளவு லேசானதைத்தான் நான்..." முடிக்காமல் நடக்க ஆரம்பித்தான்.

கோர்ட் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். பெட்ரோல் பங்க் வந்தபோது நான் ஓடிப்போய், "குடு, இது சீமோன் வாங்குற இடம்" என்றேன். "இன்னும் கொஞ்ச தூரம் தோன் சாமி" என்றான். திரும்பிப் பார்த்தேன்: அடுப்பு ரிப்பேர்க்காரி மாவு கையோடு வருகிறாள், கண் ஆபரேஷன்காரர் கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு வருகிறார், எதெல்வீனா வருகிறாள், ஒதீலியா எல்லோருக்கும் பின்னால் வருகிறாள். தாள் இல்லாதவர்கள் தெரு எல்லைவரை வந்து, மஞ்சள் சிக்னலுக்குக் கீழே கடலோரம் நிற்பவர்கள் மாதிரி நின்றுகொண்டார்கள்.

கோர்ட் வாசலில் காவலாளி, ஸ்கேனருக்குள் இது போகாது என்றான். ரிகோ சிலுவையை வாசலில் காற்றின் மேல் சாய்த்துவைத்தான், அது சமர்த்தாக நின்றது. பையிலிருந்து பர்ஸை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனான்.

அனக்லேத்தோவை நேரில் கொண்டுவரவில்லை. சுவரில் ஒரு டிவியில் அவன் முகம், ஒரு சுற்று இளைத்திருந்தது, கேமராவை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எங்கள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தான். நீதிபதி ஓர் அம்மாள். இங்கிலீஷில்தான் கேட்டார். ரிகோவுக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. வழவழவென்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவன் டிவியைப் பார்த்து, ஸ்பானிய மொழியில், தப்புத்தப்பாகச் சொன்னான்.

"இவரை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

மொழிபெயர்ப்பவர் மொழிபெயர்த்தார். "நன்றி, உட்காரலாம்" என்றார் நீதிபதி.

"எனக்கு இவரைத் தெரியும்" என்றான் ரிகோ மறுபடி.

"பதிவாகிவிட்டது. ஒருமுறை சொன்னால் போதும்."

"உங்களுக்குப் போதும் அம்மா," என்றான் ரிகோ. "எனக்குப் போதாது." மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூன்றாவது முறை சொன்னான். "எனக்கு இவரைத் தெரியும்."

டிவியில் அனக்லேத்தோவின் முகம் அசையவில்லை. அங்கே சத்தம் வரவில்லை என்று ஒரு சிப்பந்தி கண்டுபிடித்தாள். ரிகோவின் வாய் மூன்று தடவை திறந்து மூடியதை மட்டும்தான் அவன் பார்த்திருக்கிறான். மூன்று தடவை அந்த வாய் திறந்தால் என்ன வரும் என்பதுதான் அவனுக்குத் தெரியுமே. அவன் தலையைக் குனிந்துகொண்டான். சிப்பந்தி ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினாள். கரகரவென்று இரைச்சல். அப்புறம் அனக்லேத்தோவின் குரல்:

"இப்பக் கேக்குது. என்ன சொன்ன கொம்பாத்ரே?"

ரிகோ நான்காவது முறை சொன்னான். இந்தத் தடவை ஆண் எது, பெண் எது, நேற்று எது, நாளை எது என்று எல்லாம் தலைகீழாகச் சொன்னான். அனக்லேத்தோ கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ர் இன்னும் உருளல" என்றான்.

வழக்கு முடியும்வரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. அங்கே சில வழக்குகள் மனுஷனைவிட நீண்ட ஆயுசு வாங்கி வந்தவை. வெளியே வந்த அன்று அனக்லேத்தோ நேராகக் கோர்ட் வாசலுக்குப் போய், "கோயில் சாமான், அடுத்த வருஷத்துக்கு வேணும்" என்று சிலுவையின் ஒரு முனையைப் பிடித்தான், மறுமுனையை ரிகோ பிடித்தான், ஏணி தூக்குகிற மாதிரி இரண்டு பேரும் அதை டயர்க்கடை லாரியில் ஏற்றினார்கள்.  லாரியை விட்டு இறங்கும்போதுதான் ரிகோ, "அடுத்த வருஷம் எனக்குக் கூட்டத்துல ஒரு ஓரமா வேஷம் குடுக்கச் சொல்லு கொம்பாத்ரே" என்றான். "முடியாது," என்றான் அனக்லேத்தோ, சிரித்துக்கொண்டுதான் சொன்னான், "அந்த வசனத்தை உன்னை மாதிரி சொல்ல இந்த ஊர்ல வேற ஆள் இல்ல." ரிகோவும் சிரித்தான். வீட்டுக்குப் போய் எவ்வளவு நேரம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டிருந்தான் என்று அவன் மனைவி என்னிடம் சொன்னாள்.

அதனால் இன்றைக்கும் அந்தத் தெருவில் பேதுரு ரிகோதான். வருஷா வருஷம் பர்ஸை வீட்டில் வைத்துவிட்டு, வெறும் பையோடு வருகிறான். தகர உடுப்புச் சிப்பாய்கள், ஆமாம், எதெல்வீனா மறுபடி தகரத்துக்கே போய்விட்டாள், இவனைத் தெரியுமா என்று கேட்பார்கள். தெரியும் என்பான். எதெல்வீனா விசில் ஊதுவாள். மறுபடி கேட்பார்கள். தெரியும் என்பான். பாதிரியார் தலையில் கைவைத்துக்கொள்வார். மூன்றாவது முறையும் தெரியும் என்று சொன்னதும், என்ன செய்வதென்று தெரியாத சிப்பாய்கள் அவனையும் பிடித்துக் கட்டி அனக்லேத்தோவோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போவார்கள். நாங்கள் பாக்கெட்டுக்குள் கைவிட்டபடி பின்னால் நடப்போம். சேவல்காரர் சேவலை இறக்கிவிடுவார். அது கழுத்தை நீட்டி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும். கூவுவதா, இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பதா என்று அதற்கு இன்னும் தீர்மானமாகவில்லை.